ஒன்றுக்குப் பன்னிரண்டு

8.12.2024, ஞாயிறு

சங்கீத சபையின் செயற்குழுக் கூட்டம். பத்தரை மணி என்று எழுதிப் போட்டால் பதினொன்றேகாலுக்கு வருகிறார்கள். தலைவர் வைரவன் அரிசி மண்டிக்காரர். அவருக்கு நேரமும் மூட்டை மாதிரிதான், இன்றைக்கு இறங்காவிட்டால் நாளைக்கு இறங்கும். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் வரைபடம் போட்டவன். அரை மில்லிமீட்டர் தள்ளினாலே எனக்கு வயிறு எரியும்.

தை விழாவில் ஜனவரி 25 அன்று கோவில்பட்டி செண்பகவல்லி பாடுவதாக முடிவு செய்திருந்தோம். துணைச் செயலாளர் பிலோமினா டீச்சர் மதுரையில் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு வந்து, பிடிவாதம் பிடித்து வாங்கிய தேதி அது. இப்போது செண்பகவல்லியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவராம். "என் நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு மேடைக்கு வர வழி வேண்டும். தூக்கி வைப்பதாக இருந்தால் வர மாட்டேன். என்னைப் போன்ற நாலைந்து பேர் கேட்க வருவார்கள். அவர்களும் முன்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். ஜனவரி பத்துக்குள் தெரியப்படுத்தவும்."

"நாலு பேர் தூக்கிட்டாப் போச்சு. இதுக்கு ஒரு நிபந்தனையா?" என்றார் தலைவர்.

நானும் தலையாட்டினேன். போதாக்குறைக்கு, நம் மேடையில் செருப்போடு யாரும் ஏறுவதில்லை, தெருவில் உருண்ட சக்கரம் மட்டும் ஏறலாமா என்று ஒரு கேள்வியையும் எடுத்துப் போட்டேன். டீச்சர் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல இந்த மாதிரி யாராச்சும் கேட்டிருக்காங்களா செக்ரட்டரி?" என்று தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் கேட்டதில்லை."

"கேக்கறதுக்கு உள்ள வரணும்ல சார்?" என்றார் டீச்சர். "வாசல்லயே அஞ்சு படி."

கடைசியில், முடியுமா முடியாதா என்று நான் வரைபடம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

9.12.2024

குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. சோறு அடிப்பிடித்தது. மேலாக வழித்துச் சாப்பிட்டேன்.

10.12.2024, செவ்வாய்

செண்பகவல்லியிடம் போனில் பேசினேன். தூக்குவதற்கு மரியாதையான ஆட்களைத்தான் ஏற்பாடு செய்வோம், நான்கு பேருமே சபை உறுப்பினர்கள், பட்டதாரிகள் என்று எடுத்துச் சொன்னேன்.

"சார், தூக்குறவங்க எம்.ஏ. படிச்சிருந்தா எனக்கு என்ன, எட்டாங்கிளாஸ் படிச்சிருந்தா எனக்கு என்ன?" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊர்ல தூக்கினாங்க. ஒருத்தர் சேலையோட சேத்துப் பிடிச்சுட்டாரு. முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் நான் ரெண்டு மணி நேரம் பாடினேன். என்ன பாடினேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல."

அதற்குமேல் வற்புறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? செருப்பு விஷயத்தையும் சொல்லி வைத்தேன்.

சிரித்தார். "என் கால் தரையில பட்டுப் பதினாறு வருஷம் ஆச்சு சார். உங்க மேடைக்கு இதைவிடச் சுத்தமான கால் கிடைக்காது. சக்கரத்தை வேணா நான் கழுவிட்டு வாரேன்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

13.12.2024, வெள்ளி

மூன்று நாளாக மழை. வெளியே போக முடியவில்லை. ஈர வேட்டியைக் காயப்போட இடமில்லாமல், பின்னறையில் இருக்கும் சக்கர நாற்காலியின் முதுகில் போட்டேன். துண்டுகளுக்குக் குளியலறைச் சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பி இருக்கவே இருக்கிறது. மனைவி தையல்நாயகிக்காக வாங்கியதெல்லாம் இப்போது என் துணிக்குத்தான் பயன்படுகிறது.

எதிர்வீட்டுக்காரர் தன் தங்கை குடும்பத்துக்கு விழாவில் முன்வரிசை நாற்காலி இரண்டு வேண்டும் என்று குடை பிடித்துக்கொண்டு வந்தார். முடியாது என்றேன். "உங்க வீட்டு ஆளுங்கன்னா முடியாதுன்னு சொல்வீங்களா?" என்றார். சொல்வேன் என்றேன். எனக்கு முன்பு செயலாளராக இருந்தவர் இரண்டாம் வரிசை முழுவதையும் சம்பந்தி வீட்டுக்கு எழுதி வைத்திருந்தார். நான் வந்ததும் செய்த முதல் காரியம் விதி 14: செயற்குழுவினர் தம் குடும்பத்தாருக்காகச் சபையில் எந்தச் சலுகையும் கேட்கக் கூடாது. பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூட அதை நான் மீறியதில்லை.

15.12.2024, ஞாயிறு

மழை விட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன். பிலோமினா டீச்சர் பூசைக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்தார். நான் அளந்து சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

வாசல் படி ஐந்து, மொத்தம் முப்பது அங்குல உயரம். மேடை மூன்றடி. கழிப்பறைக் கதவு இருபத்து நாலு அங்குல அகலம். சக்கர நாற்காலிக்கு இருபத்தாறு வேண்டும்.

"இருபத்தாறுன்னு எப்படி சார் டக்குன்னு சொல்றீங்க?"

"வீட்டுல ஒண்ணு இருக்கு."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டடி நீளம் ஓட வேண்டும். அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு ஏற முடியும். வாசலுக்கு முப்பதடி. மேடைக்கு முப்பத்தாறடி. மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறைச் சுவரையொட்டி ஒரு திருப்பத்தோடு சமாளித்துவிடலாம். வாசலில்தான் இடையூறு. பதினைந்தடியிலேயே ஸ்தாபகர் மார்பளவுச் சிலை நிற்கிறது. தலைவரைப் போனில் கேட்டேன். "சிலையை மட்டும் தொடாதேய்யா, அவர் பேரனுங்க பெரிய எண்ணெய் வியாபாரிங்க, சண்டைக்கு வருவாங்க," என்றார்.

பதினைந்தடிக்குள் முடித்து வரைந்தேன். ஒன்றுக்கு ஆறு. கொஞ்சம் செங்குத்துதான். யாராவது பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தால் போதும்.

18.12.2024

கொத்தனார் சூசை வேலையை ஆரம்பித்தார். முதலில் வாசல்.

24.12.2024, செவ்வாய்

வாசல் சாய்தளம் ஓரளவு இறுகிவிட்டது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சூசையிடம் சொல்லி, வீட்டு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கே போனேன். அந்த நேரத்தில் தெருவில் கோலம் போடுகிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

"யார் சார் உக்கார்றது?" என்றார் சூசை.

நான்தான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்தரை வருஷம் ஆகிறது. இதுவரை நான் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. முழங்கை எங்கே போகும், முதுகு எவ்வளவு சாயும், எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாலடி ஏறினேன். ஐந்தாவது அடியில் சக்கரம் கனத்தது. நிறுத்தினால் பின்னால் ஓடுகிறது, நிறுத்தாவிட்டால் மூச்சு முட்டுகிறது. சக்கரம் கையை மீறி நழுவி, நான் மல்லாக்காகப் போன வேகத்துக்குச் சூசை மட்டும் பிடிக்காமல் இருந்தால் இந்த நாட்குறிப்பு நேற்றோடு முடிந்திருக்கும்.

"நான் பின்னாடி தள்றேன் சார், ஏறிடலாம்," என்றார்.

தள்ளினார். ஏறிவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்கு அவமானமாக இருந்தது. அறுபத்தேழு வயதில் ஒருவர் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தள்ள, என் முகம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்தாபகரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், கால்ல அடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இல்லை என்று அவசரமாக எழுந்து நின்று காட்டினேன்.

சூசையிடம் உடைக்கச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் கிறிஸ்துமஸ், இருபத்தேழாம் தேதி வருகிறேன் என்றார். சிலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும்படி புதிதாக வரைய வேண்டும். பதினைந்தடி, ஒரு சமதளம், திரும்பிப் பதினைந்தடி. யோசித்தால் ஐந்து நிமிஷ வேலை. முதலிலேயே செய்திருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சிலை குறுக்கே நிற்கிறது என்றேன்.

25.12.2024

டீச்சர் கேக் கொண்டுவந்து கொடுத்தார். தையலின் படத்துக்கு முன்னால் சற்று நின்றார். "அம்மாவை நான் சபையில பாத்த ஞாபகமே இல்லையே சார்?" என்றார். அவர் சபையில் சேர்ந்தது 2020-ல்.

அவளுக்கு மூட்டுவாதம், கூட்டம் பிடிக்காது, வீட்டிலிருந்தே கேட்பாள் என்று சொன்னேன்.

கேக் நன்றாக இருந்தது. முந்திரியை மட்டும் எடுத்து வைத்தேன், பல் ஒத்துழைக்கவில்லை.

30.12.2024, திங்கள்

கழிப்பறைச் சுவரை இடித்துக் கதவை மூன்றடியாக்கியாயிற்று. மூன்றாம் வரிசையில் நடுவே இரண்டும் ஓரத்தில் மூன்றும் நாற்காலிகளைக் கழற்றியாயிற்று. பின்வரிசையில் கழற்றினால் போதாதா என்று தலைவர் கேட்டதற்கு டீச்சர், "பின்னாடி உக்காந்தா முன்னாடி இருக்கறவங்க தலைதான் தெரியும். அவங்க எழுந்து நின்னு பாக்க முடியாதுல்ல?" என்றார். நியாயம்தான். என் புத்திக்கு ஏன் இதெல்லாம் எட்டுவதில்லை?

2.1.2025, வியாழன்

செண்பகவல்லி மதுரையிலிருந்து ஒரு காரில் வந்தார். நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாராம். முப்பத்தாறு வயதிருக்கும். ஒல்லியான கைகள். ஆனால் மணிக்கட்டு, கடைசல் பிடித்த தேக்கு.

வாசலில் ஒரு நிமிஷம் நின்று முழுதும் பார்த்தார். பிறகு ஏறினார். யாரும் தொடவில்லை. சூசை இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, குழந்தை விழுந்தால் பிடிக்கிறவர் மாதிரி பின்னாலேயே நடந்தார். செண்பகவல்லி சமதளத்தில் திரும்பினார், ஸ்தாபகருக்கு ஒரு கும்பிடு போட்டார், மேலே ஏறிவிட்டார். மேடைச் சாய்தளத்தில் இன்னும் பூச்சு முடியவில்லை. அதிலும் ஏறினார். மேடை நடுவில் போய் நின்று, வெறும் நாற்காலிகளைப் பார்த்து கொஞ்சம் ஆலாபனை செய்தார். பேகடா ராகம். அவ்வளவு பெரிய இடத்தில் கேட்க டீச்சர், சூசை, நான் என்று மூன்றே பேர்.

பக்கவாத்தியத்தில் ஒரு சிக்கல் வந்தது. அவர் நாற்காலியில், வயலின்காரர் தரையில் என்றால் ஒன்றரை அடி தாழ்வு. வயலின்காரர் சீனியர், பாடகியின் காலடியில் உட்கார்ந்து வாசிக்க மாட்டேன் என்று ஏற்கெனவே போனில் சொல்லியிருக்கிறார். "அவருக்கும் மிருதங்கத்துக்கும் ஒன்றரை அடியில ஒரு மேடைப்பலகை போட்டுருங்க சார். எல்லாரும் ஒரே மட்டமா இருப்போம். எனக்கும் அவர் முகம் தெரியணும்," என்றார் செண்பகவல்லி. இருபது வருஷம் வித்வான்களின் ரோஷத்துக்கு மருந்து தேடியவன் நான். இந்தப் பெண் ஒரு பலகையில் முடித்துவிட்டார்.

காபி குடிக்கும்போது கேட்டார்: "இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேக்கலையா சார்?"

"இல்லம்மா."

"எல்லாச் சபாவிலயும் இதையேதான் சொல்றாங்க. ஒருத்தரும் கேட்டதில்லைன்னு." டம்ளரை வைத்தார். "ஆனா என்கிட்ட, நான் கேட்டேன் நான் கேட்டேன்னு சொல்றவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. அவங்க கேட்டதெல்லாம் எங்க போகுதுன்னுதான் தெரியல."

25-ம் தேதி வருவதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

3.1.2025

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்தேன்.

6.1.2025, திங்கள்

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் மூன்று நாளாகப் பார்த்தேன். யார் படிக்கப் போகிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

ஒருவர் கேட்டார். 11.11.2019 தேதியிட்ட கடிதம். உறுப்பினர் எண் 118, சி. தையல்நாயகி.

அவள் என்னைவிட மூத்த உறுப்பினர். எனக்குக் கல்யாணியையும் காம்போதியையும் பிரித்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். கல்யாணமான புதிதில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சபையில் உட்கார வைத்தாள். 2019 ஜூனில் நடை முற்றிலும் நின்றது. நாற்காலி வாங்கினேன். வீட்டு வாசலில் ஒரு பலகை சாய்த்தேன். சபைக்கு ஒரு தடவை நாலு பேர் தூக்கினார்கள். வலி தாங்காமல் கத்திவிட்டாள், வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு தூக்க வேண்டாம் என்றாள்.

வீட்டில் என்னிடம் இரண்டு மூன்று முறை பலகை விஷயம் சொன்னாள். விதி 14 இருக்கே என்றேன். சரி என்று பேசாமல் இருந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் சபைத் தபாலைப் பிரிக்கும்போது அவள் கையெழுத்தில் ஓர் உறை. எங்கள் தெருமுனைத் தபால்பெட்டியில் யாரிடமோ கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே வீட்டுக்காரனுக்கு, மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு என்று.

குழுவில் நான் அதை வைக்கவில்லை. அடுத்த கூட்டம், அதற்கடுத்த கூட்டம். மார்ச்சில் கொரோனா வந்தது, சபைக்கே பூட்டு. அந்த ஒன்றரை வருஷம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து போனில் கச்சேரி கேட்டோம். ஊரில் எல்லாரும் வீட்டில் இருந்தபோதுதான் அவளும் நானும் சமமாக இருந்தோம். பிறகு சபை திறந்தது. நான் போனேன்.

கடிதத்தைப் பற்றி அவள் என்னிடம் கடைசிவரை கேட்கவே இல்லை. 2023 மார்ச்சில் போய்விட்டாள்.

14.1.2025, செவ்வாய்

பொங்கல். மகள் நீலா புனாவிலிருந்து பேசினாள். பொங்கல் வைத்தீர்களா அப்பா என்றாள். வைத்தேன் என்றேன். சூசை வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தில் பொங்கல் வந்தது, அதைத்தான் சாப்பிட்டேன்.

25.1.2025, சனி

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாலரைக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. சக்கர நாற்காலியில் ஏழு பேர் வந்தார்கள். நாலைந்து என்று நினைத்திருந்தோம், அவசரமாக இன்னும் இரண்டு நாற்காலிகளைச் சூசை கழற்றினார். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர், தில்லைநகர்க்காரர், சாய்தளத்தில் மெல்ல ஏறி வந்து என்னிடம், "பதிமூணு வருஷம் ஆச்சுங்க இந்த ஹாலுக்குள்ள வந்து," என்றார். நான் இந்த ஹாலிலேயே இருந்திருக்கிறேன். அவர் வராததை ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லை.

வரவேற்புரை என்னுடையது. டைப் செய்து வைத்திருந்தேன். "இதுவரை ஒருவரும் கேட்டிராத இந்த வசதியை" என்று இரண்டாவது பத்தி ஆரம்பிக்கும். அந்த இடம் வந்ததும் தாளை மடித்துவிட்டேன்.

"ஒருத்தர் கேட்டார்," என்றேன். "உறுப்பினர் எண் 118. திருமதி தையல்நாயகி. என் மனைவி. 2019-ல சபைக்குக் கடிதம் எழுதினார். கடிதம் என் கைக்குத்தான் வந்தது. நான் அதைக் குழுவில வைக்கல. மூணு வருஷத்துக்கு மேல அவர் வீட்டுலயே இருந்தார். இப்ப இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். என்ன நடக்கும் என்று நினைத்திருந்தேன்? யாராவது எழுந்து கேட்பார்கள் என்றா? முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தார். தலைவர் வைரவன் எழுந்து வந்து என்னை அணைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம செக்ரட்டரி உணர்ச்சிவசப்பட்டுட்டார். மனைவியோட ஆசையை, அவங்க மறைஞ்ச பிறகும் நிறைவேத்திக் காட்டியிருக்கிற உத்தமர். இந்தச் சாய்தளத்துக்கு இனிமே தையல்நாயகி அம்மாள் நினைவுச் சாய்தளம்னு பேரு! கல்வெட்டு என் பொறுப்பு!"

எல்லாரும் கைதட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். எனக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். நான் செய்த குற்றத்தைச் சொன்னால் அதற்கும் ஒரு பொன்னாடை. இந்தச் சபையில் எதைக் கொடுத்தாலும் நினைவுப் பரிசாக மாற்றிவிடுவார்கள். நான் பேச வாயெடுத்தபோது திரை விழுந்துவிட்டது.

செண்பகவல்லி திரையைத் தூக்கச் சொன்னார். தூக்கிய பிறகுதான் பின்னாலிருந்து சாய்தளம் வழியாக எல்லாரும் பார்க்க உருட்டிக்கொண்டு வந்தார். பிரதானமாக சஹானா எடுத்தார். டீச்சர் பிடிவாதம் பிடித்தது வீணில்லை. ஒவ்வொரு பிடிக்கும், வீட்டுக்குப் போய் இதைத் தையலிடம் எப்படிச் சொல்வது என்று என் மனசு பழக்கதோஷத்தில் வார்த்தை தேடியது.

கச்சேரி முடிந்து ஒப்பனை அறையில் நன்றி சொல்லப் போனேன். மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார்.

"நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சது சார்," என்றார். "அவங்களுக்குத்தான் புரியல."

நான் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்தேன்.

"அம்மா அந்த மூணு வருஷமும் கச்சேரியே கேக்கலையா?"

"நான் போயிட்டு வந்து சொல்லுவேன். யாரு என்ன பாடினாங்க, எந்த ராகம், எங்க தாளம் தப்புச்சுன்னு எல்லாம். ஒண்ணு விடாம."

"கேட்டுக்கிட்டு இருந்தாங்களா?"

"இருந்தா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. பிறகு, "ரொம்பப் பொறுமைக்காரங்க," என்றார். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

26.1.2025

தலைவர் போன். கல்வெட்டுக்குக் கறுப்புக் கிரானைட்டா, வெள்ளைப் பளிங்கா? எதுவும் வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். "கடிதத்தை முதல்ல குழுவில வைக்கணும், அடுத்த ஞாயிறு கூட்டத்துல பொருள் ஒண்ணு அதுதான்," என்றேன். "அட, இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு," என்றார்.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கேலி பேசிவிட்டுத்தான் பூசைக்குப் போவார். இன்று சபைச் சாவியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

2.2.2025, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். அதிசயமாக எல்லாரும் பத்தரைக்கே வந்துவிட்டார்கள்.

பொருள் ஒன்று: வரப்பெற்ற கடிதங்கள். எழுந்து நின்று வாசித்தேன்.

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நம் சபையின் உறுப்பினர். தற்போது நடக்க இயலாததால் கச்சேரிகளுக்கு வர முடியவில்லை. வாசல் படிகளின் மேல் பெரிய பலகை ஒன்றை நிரந்தரமாகச் சாய்த்து வைத்தால் என் நாற்காலி உள்ளே வந்துவிடும். எங்கள் வீட்டு வாசலுக்கு அப்படி ஒன்று போட்டிருக்கிறோம், நன்றாக இருக்கிறது, அதை வரைந்தவர் நல்ல டிராப்ட்ஸ்மேன். முன்னால் இடம் வேண்டாம். கதவோரம் இருந்து கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் இடைஞ்சல் இராது. இது என் ஒருத்திக்காக மட்டுமல்ல, படி ஏற முடியாத பலர் ஊரில் இருக்கிறார்கள். ஆவன செய்ய வேண்டுகிறேன். இப்படிக்கு, உறுப்பினர் எண் 118."

வாசித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர்தான் கேட்டார். உத்தமர் என்று சொன்ன குரல் இப்போது மாறியிருந்தது.

"இவ்வளவுதானா சிவப்பிரகாசம்? ஒரு பலகையா? அன்னைக்கே இதை வெச்சிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேய்யா. யாரு வேணாம்னு சொல்லியிருப்பா?"

"யாரும் சொல்லியிருக்க மாட்டீங்க."

"அப்புறம் ஏன்யா?"

விதி 14 என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கண்டிப்பான மனுஷன், தன் வீட்டுக்கும் அதே கண்டிப்பு என்று ஒருவர் சொல்லவும் செய்தார். நடவடிக்கைப் புத்தகத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், ஏகமனதாக ஏற்கப்பட்டது.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். சபைப் புத்தகத்தில் எழுதியதை இந்தப் புத்தகத்திலாவது திருத்த வேண்டும்.

யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு 2019-லேயே தெரியும். விதி 14 வெறும் சாக்கு. அன்று தூக்கியபோது அவள் கத்தினாளே, வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களே, அவர்கள் பார்த்தது அவளை மட்டுமல்ல, என்னையும்தான். பலகை போட்டால் ஒவ்வொரு கச்சேரிக்கும் நான் அவளைத் தள்ளிக்கொண்டு முன்வாசலில் நுழைய வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.